ஏறுபடிக்கு இரண்டு

இறந்தவர்களின் கால்கள் நடக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அஞ்ச வேண்டியதில்லை, இது பேய்க்கதை அன்று. செயற்கைக் கால்களுக்கு நினைவாற்றல் வைத்த பிறகு வந்த காலம் என்று கொண்டால் போதும். அந்தக் கால், தன்னை அணிந்தவரின் நடையை நாள்தோறும் கற்றுக்கொள்ளும். இடுப்பு எப்போது சாய்கிறது, வழுக்குத் தரையில் குதிகால் எப்படித் தயங்குகிறது, அவசரத்தில் உடம்பு எந்தப் பக்கம் எடையை மாற்றுகிறது என்பவற்றையெல்லாம் மனனம் செய்துகொண்டு, பிறகு கேளாமலேயே செய்யும். விலை மட்டும் சாமானியரின் கைக்கு எட்டாதது. ஆகையால் அரசே அதை வழங்கியது. அணிந்தவர் காலமானால் திரும்பப் பெற்று, வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் பொருத்தியது.

லூர்துமேரிக்கு வாய்த்தது அப்படியொரு கால்.

அவள் நீதிமன்ற டபேதார். வெள்ளைச் சீருடை, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. நீதிபதி தம் அறையிலிருந்து புறப்பட்டு மன்றத்துக்குள் நுழையும்போது அவருக்கு முன்னே நடந்து வழி விலக்குவதும், வழக்காடுவோரின் பெயரை மும்முறை கூவி அழைப்பதும் அவளுடைய பணி. வாக்குமூலத்தைப் பதிவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. பழைய தீர்ப்புகளைத் தேடிக் கொடுக்கவும் இயந்திரம் வந்துவிட்டது. முன்னால் நடப்பதற்கு மட்டும் இன்னும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். எந்த வழக்கத்துக்கும் தொடக்கத்தில் ஒரு காரணம் இருந்திருக்கும். காரணத்தை மறந்தவர்களும் வழக்கத்தை விடுவதில்லை.

அவள் பணியில் சேர்ந்த புதிதில் மன்றத்தின் உயர்ந்த கூரையிலிருந்து நீண்ட தண்டுகளில் மின்விசிறிகள் தொங்கின. அவற்றின் முனகலுக்கு மேலே கேட்கும்படி வக்கீல்கள் குரலை உயர்த்திப் பேசினார்கள். மழைக்காலத்தில் நனைந்த கறுப்பு அங்கிகளின் வாடை வராந்தா முழுவதும் நிற்கும். அந்த வாடைக்கு நடுவே லூர்துமேரியின் காலடி கேட்டால் போதும். அரட்டை அடங்கும், வெற்றிலைப் பொட்டலங்கள் மறையும், சட்டைப் பொத்தான்கள் சரியாகும். ‘நடந்தால் லூர்து மாதிரி நடக்கணும்’ என்று பெயர் வாங்கியிருந்தாள். பாலக்கரைத் திருப்பத்தில் ஒரு லாரி அவளுடைய இடக்காலைக் கொண்டுபோன பிறகு, மருத்துவமனைப் படுக்கையில் அவள் நினைத்து நினைத்து அழுதது போன காலுக்காக அன்று, அந்த நடைக்காக.

புதுக் கால் அவளை மீண்டும் நிறுத்தியது, நடத்தியது. ஆனால் அந்த நடை அவளுடையதாக இல்லை.

பணிக்குத் திரும்பிய முதல் நாளே அது வெளிப்பட்டது. அந்த வாரந்தான் நீதிபதி கங்காதரன் மாற்றலாகி வந்திருந்தார். அதிகம் பேசாதவர். வழக்குக் கட்டுகளைக் கையில் வாங்குவதில்லை. மன்றத்துக்கே கேட்கும்படி இயந்திரம் உரக்க வாசிக்க, கண்களை மூடிக்கொண்டு கேட்பார். காலத்துக்கு ஏற்ற பழக்கம் என்று எல்லாரும் மெச்சினார்கள். லூர்துமேரி முன்னே நடக்க, அவர் பின்னே வந்தார். மன்றம் எழுந்து நின்றது. நீதிபதியின் மர மேடைக்கு ஏறும் படியின் முன்னால் அவளுடைய இடக்கால் தானாக நின்றது. குதிகாலைத் தூக்கி, டொக், டொக் என்று இரண்டு முறை தரையில் தட்டியது. அரை நொடி காத்தது. பின்பே ஏறியது.

அந்த அரை நொடியில், பின்னால் நீதிபதி மெல்லத் தொண்டையைச் செருமினார். எரிச்சல்படுகிறார் என்று லூர்துமேரி கூசிப்போனாள்.

மாலையில் இறங்கும்போது ஒரே ஒரு டொக். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. கால் தட்டும், காத்திருக்கும், நீதிபதி செருமுவார். இளம் வக்கீல்கள் அவளுக்குப் பெயர் வைக்கத் தாமதிக்கவில்லை.

“மரங்கொத்தி வந்தாச்சு, எந்திரிங்கப்பா!”

அலுவலகத்தைக் கட்டியாளும் சிரஸ்தார் வைத்தியலிங்கம் ஒரு நாள் அவளைத் தனியே அழைத்தார்.

“லூர்து, அய்யா கேட்டாரு.”

“என்ன சார் கேட்டாரு?”

“‘முன்னால நடக்கிறது யாரு? அந்தச் சத்தம் என்ன?’ன்னு கேட்டாரு. இதுக்கு மேல என்ன கேக்கணும்? இத்தன வருசமா இந்த ஆபீஸ்ல குப்பை கொட்டுறேன், ஒரு அதிகாரி கேள்வி கேட்டா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?”

“கோவமா கேட்டாரா சார்?”

“கோவமா கேக்கிற அதிகாரிய நம்பலாம்மா. சாந்தமா கேட்டா சீட்டு கிழிஞ்சிருச்சுன்னு அர்த்தம். இவரு சாந்தமா கேட்டாரு.” மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “நாளைலேர்ந்து கோடை லீவு. கோர்ட்டு திறக்கிறப்ப அந்தக் கால் வாயத் திறக்கக் கூடாது. முடியலன்னா சொல்லு, பதிவறைக்கு மாத்திடுறேன். அங்க நடக்கவே வேணாம். ஜம்முனு உக்காந்துக்கலாம்.”

உட்கார்ந்துகொள்ளலாம். படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் உறவினர் அத்தனை பேரும் அவளுக்குச் சொன்ன ஆறுதல் அதுதான். இனி உட்கார்ந்த இடத்திலேயே ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம், லூர்து. நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் மீதமிருந்த காலையும் யாரோ எடுப்பதுபோல் இருந்தது.

மறுநாள் காலையிலேயே உதவிக்கருவி மையத்துக்குப் போனாள். கால், கை, காதுக்கருவி, சக்கர நாற்காலி என எல்லாவற்றையும் பழுதுபார்க்கும் இடம் அது. பொருத்துநர் பர்வீன் திரையில் காலின் நினைவை ஓடவிட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

“அக்கா, இது கோளாறு இல்ல. பழக்கம்.”

“யாரோட பழக்கம்?”

“சொல்லக் கூடாதுக்கா. நடைய வச்சுக்கலாம், பேர அழிச்சிடணும். அதான் ரூல்.”

“பேரு எனக்கு எதுக்கு? இந்தத் தட்டுறத மட்டும் எடுத்துடு.”

“சாம்பாரு கொதிச்ச பொறகு உப்ப மட்டும் எடுங்கிறீங்க. எடுத்தா மொத்தமா எடுக்கணும். அப்புறம் இது பச்சப்புள்ளக் கால். நிக்கிறதுலேர்ந்து நீங்கதான் கத்துக் குடுக்கணும். விழுவீங்க.”

“விழுந்தா எந்திரிச்சுக்கிறேன். லீவு முடியறதுக்குள்ள பழகிடலாமா?”

“பழகலாம். நீங்க பிடிவாதக்காரி.” பர்வீன் பெருமூச்செறிந்தாள். “எதுக்கும் ஒரு தரம் படியில நடந்து காட்டுங்க.”

கூடத்தின் நடுவே பயிற்சிக்கென்று ஒரு மரப்படிக்கட்டு இருந்தது. எங்கும் போகாத படிக்கட்டு. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்க வேண்டியதுதான். லூர்துமேரி அதை நோக்கி நடந்தாள். டொக், டொக்.

“ஆச்சு” என்றது ஒரு குரல்.

சுவரோரப் பெஞ்சில் அமர்ந்திருந்த முதியவர் எழுந்து நின்றிருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கையில் மடித்த வெள்ளைக் கோல். தாம் எழுந்ததும், தம் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அவருக்கே தெரிந்தாற்போல் இல்லை. பர்வீன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“சார், உக்காருங்க சார். உங்க கைடு இன்னும் ரெடியாகல.”

“பர்வீன், நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் ரூல் உன்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்.” அவர் முகம் லூர்துமேரி நின்ற திசைக்குத் திரும்பியது. “அம்மா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அந்தக் காலுக்கு என்னைத் தெரியும்.”

அவர் பெயர் தெய்வசிகாமணி. ஒரு வங்கியில் தொலைபேசி இணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பார்வையற்றவர். மனைவி கோமளவல்லி அதே வங்கியில் எழுத்தர். அவள் காலமாகி ஓராண்டுக்கு மேலாகிறது.

“ஒரு அடமழை நாள்ல பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்னு வந்தா” என்றார் அவர். “அவளுக்குப் பூனைக்குரல். லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்காது. ‘படி வருது’ன்னு அவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் விழுந்து எந்திரிச்சுடுவேன். அப்பத்தான் கண்டுபிடிச்சா. ஏறுபடின்னா குதிகாலால ரெண்டு தட்டு. இறங்குபடின்னா ஒண்ணு. சேறு, சாணின்னா ஒரு இழுப்பு. நான் காலை வச்சிட்டேன்னா ‘ஆச்சு’ன்னு சொல்லணும். சொன்னாத்தான் நகருவா.”

லூர்துமேரிக்கு ஒன்று விளங்கியது. படியின் முன்னால் கால் காத்து நின்ற அந்த அரை நொடி, ஒரு மறுமொழிக்காகக் காத்த அரை நொடி. அந்தக் கால் மாதக்கணக்கில் யாரோ ‘ஆச்சு’ என்று சொல்வதற்காக நின்று நின்று, மறுமொழி வராமலே ஏறியிருக்கிறது.

“கல்யாணப் பேச்சு எடுத்தப்போ அவங்க அப்பா குதிச்சாரு. ‘கண்ணு தெரியாதவன நம்பி எப்படிம்மா போவே?’ன்னாரு. அதுக்கு அவ, ‘நான் எங்கப்பா அவர்கூடப் போறேன்? அவர்ல என்கூட வர்றாரு’ன்னா.” சிரித்தார். “நீங்க என்ன வேலை பாக்கிறீங்கம்மா?”

“கோர்ட்டுல டபேதார் சார். ஜட்ஜய்யாவுக்கு முன்னால நடக்கிறது.”

“கோர்ட்டா! வாரிசுச் சான்றிதழுக்காகப் போனேனே. வாசல்லயே என் காதக் கழட்டி வச்சிட்டாங்க.”

அவர் சொன்னது செவித்துணையை. காதோரம் பூப்போல் ஒட்டிக்கொண்டு, எதிரே படி, பள்ளம், நாய், தெரிந்த முகம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் கருவி. மக்கள் வழக்கில் கைடு.

“ஆமா சார். கோர்ட்டுக்குள்ள யாருக்கும் கூடாது. சாட்சி காதுல யாரோ பதில் ஓதுறாங்கன்னு ஒரு கேசு வந்துச்சு. அதுலேர்ந்து ஜட்ஜு முதற்கொண்டு எல்லாரும் வெறுங்காது.”

“ஜட்ஜு காதுல ஓதுறதுக்கு மெசின் எதுக்கும்மா? அதுக்குன்னு மனுசங்க இல்லையா?”

மூவரும் சிரித்தார்கள். பிறகு, லூர்துமேரி தான் வந்த காரியத்தை மறைக்காமல் சொன்னாள். அவர் கோலை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

“அழிக்கிறதுக்கு முன்னால” என்றார் கடைசியில், “எங்க பேங்க்லேர்ந்து தெப்பக்குளத்து வீடு வரைக்கும் ஒரு தடவ என்கூட நடப்பீங்களா?”

அடுத்த நாள் சாயங்காலம் நடந்தார்கள். மலைக்கோட்டையின் நிழல் கடைவீதியில் பாதியை மூடியிருந்தது. அவர் அவளுடைய முழங்கையைப் பற்றிக்கொண்டார். பற்றியதுதான் தாமதம், கால் மாறிவிட்டது. இத்தனை காலம் அவளை ஒருபுறம் இழுத்தும் காரணமின்றித் தயங்கியும் மல்லுக்கு நின்ற கால், முழங்கையில் ஒரு கையின் கனம் சேர்ந்ததும் சமாதானமாயிற்று. அவள் குறையென்று நினைத்த ஒவ்வொன்றும் அந்தக் கனத்துக்காக விடப்பட்ட இடம். கண் தெரியாத ஒருவர் அருகில் வருவதற்கென்றே அளவெடுத்துத் தைத்த நடை அது. அதை அவள் ஒற்றையாளாகப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

பழுது நீங்கிய செவித்துணை அன்று அவர் காதில் இருந்தது. ஆனால் அவர் அதற்குச் செவிசாய்த்ததாகத் தெரியவில்லை. நடைபாதை விளிம்பில் டொக், டொக். “ஆச்சு.” கால்வாய்ப் பாலத்தில் டொக், டொக். “ஆச்சு.” இறக்கத்தில் டொக். “ஆச்சு.” முதலில் லூர்துமேரிக்குக் கூச்சமாக இருந்தது, தெருவே பார்ப்பதுபோல் இருந்தது. போகப் போக அந்தத் தாளம் அவளையும் பிடித்துக்கொண்டது.

ஓரிடத்தில் கால் நின்று, குதிகாலைத் தரையோடு நீளமாக இழுத்தது. லூர்துமேரி குனிந்து பார்த்தாள். உலர்ந்த சிமெண்டுத் தரை.

“இங்க ஒண்ணும் இல்லையே சார்?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இங்க ஒரு அடிபம்பு இருந்துச்சும்மா. இந்தத் தெருவுக்கே தண்ணி அதுலதான். எப்பவும் சகதி. குடத்த வச்சுக்கிட்டு பொம்பளைங்க சண்ட போடுவாங்க. கோமளம் ரெண்டு பக்கமும் நியாயம் கேட்டுட்டுத்தான் நகருவா.”

“காலுக்கு எப்படி சார் இடம் தெரியுது?”

“முனை திரும்பி இவ்வளவு தூரம் நடந்தா சகதின்னு பழகியிருக்கும். அவ போன கொஞ்ச நாள்லயே பம்பைப் புடுங்கிட்டாங்க.” சிரிப்பு மெல்ல அடங்கியது. “அவ காலுக்குச் சேறு இன்னும் காயல.”

தெப்பக்குளத்தின் சுற்றுச்சுவர் மேல் அமர்ந்தார்கள். குளத்து நீர் வெயிலின் கடைசி நிறத்தை வாங்கிக்கொண்டிருந்தது. பூக்கட்டும் பெண்கள் கடை விரித்தார்கள். மல்லிகை வாசனை வந்ததும் அவர் முகத்தைத் திருப்பி அதை வாங்கிக்கொண்டார்.

“சர்க்கரை வியாதில போச்சு அவ கால். எடுத்தது இடது கால். தட்டுற கால். கண்ணத் திறந்ததும் கேட்டா, ‘இனிமே உங்களுக்கு யாருங்க தட்டுவா?’ன்னு. தன் கால் போச்சேங்கிற கவலை அப்புறந்தான் வந்துச்சு. இந்தக் கால் வந்தப்போ தட்டவே மாட்டேன்னுச்சு. வீண் அசைவுன்னு ஒதுக்கும். விடுவாளா? அடம்புடிச்சு, அடிச்சு அடிச்சுப் பழக்கினா.”

காதோரம் தொட்டுக்காட்டினார்.

“கால் எடுத்து அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்பத்தான் எனக்கு இது வந்துச்சு. இது படி, பள்ளம் எல்லாம் முன்கூட்டியே சொல்லிடுமில்ல? அவகிட்ட சொல்லலையே நான். பேப்பர் படிச்சுக் காட்டும், மணி சொல்லும், அவ்வளவுதான்னு சொல்லி வச்சேன்.”

“பொய்யா சார்?”

“சுத்தப் பொய். காதுக்குள்ள இது ‘படி, படி’ன்னு கத்தும். நான் கேக்காத மாதிரி நிப்பேன். அவ தட்டுவா. ‘ஆச்சு’ம்பேன். கால் போனதுலேர்ந்து தன்னால யாருக்கும் பிரயோசனம் இல்லன்னு உள்ளுக்குள்ள புழுங்கிட்டிருந்தவ. அவகிட்டப் போயி, எனக்கு மெசின் சொல்லுது, நீ தட்ட வேணாம்னு எந்த வாயால சொல்றது? கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது.”

லூர்துமேரி குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் இதை அழிக்காம இருந்துடட்டுமா சார்?” என்றாள். கேட்கும்போதே பதிவறையின் நாற்காலி அவள் கண்முன் வந்து நின்றது. அவள் குரலில் இருந்த நடுக்கத்தை, வாழ்நாள் முழுவதும் குரல்களையே கேட்டுப் பிழைத்தவர் தவறவிடவில்லை.

“அழிச்சிடுங்கம்மா. எனக்கு ஒரு சாயங்காலம் கிடைச்சுடுச்சு. வேலையத் தொலைச்சிட்டு இந்த நடைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? கோமளம் கேட்டா என்னையில்ல திட்டுவா? அவளும் எம்புட்டு நாளுதான் தட்டிக்கிட்டே இருப்பா?”

அழிப்பதற்குப் போன அன்று பர்வீன் கம்பியைக் காலில் செருகிவிட்டு, பித்தானில் விரலை வைத்தவள், எடுத்துவிட்டாள்.

“இனிமே சொன்னா தப்பில்ல. நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. கோமளம்மா வருசா வருசம் சர்வீசுக்கு என்கிட்டதான் வருவாங்க. ஒரு தடவ நான் கேட்டேன். ‘சாருக்குத்தான் கைடு இருக்கே, அது படியெல்லாம் சொல்லுமே, நீங்க எதுக்கும்மா மெனக்கெட்டுத் தட்டுறீங்க? முட்டு தேயுது’ன்னு.”

“அய்யோ, சொல்லிட்டியா?”

“கேளுங்க. அவங்க சிரிச்சாங்க. ‘அது சொல்லும்னு எனக்குத் தெரியாதாடி? அவரு குளிக்கிறப்ப நானே காதுல மாட்டிப் பாத்துட்டேன். அவரு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்காரு. நினைச்சுட்டே இருக்கட்டும். நான் தட்டலன்னா பாவம், அந்த மனுசன் யார்கிட்ட ஆச்சுன்னு சொல்லுவாரு?’ன்னாங்க.”

லூர்துமேரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இத சார்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு எனக்கு ஒரு வருசமா ரோதனை. நீங்க சொல்லுங்கக்கா. சொல்லட்டுமா?”

“வேணாம்” என்றாள் லூர்துமேரி. “அவரு மறைச்சு வச்சதுதான் அவருக்குச் சொத்து. அதப் போயி நாம ஏன் புடுங்கணும்?”

“அப்போ அழிக்கட்டுமா?”

அவள் தலையை மட்டும் அசைத்தாள். பர்வீன் பித்தானை அழுத்தினாள். சின்னஞ்சிறு விளக்கொன்று சிவந்து, பிறகு பச்சையாயிற்று. ஒரு பெண்ணின் நடை உலகத்திலிருந்து போவதற்கு அவ்வளவு நேரந்தான் ஆயிற்று.

கோடை முழுவதும் லூர்துமேரி விழுந்தாள். வாசலில் விழுந்தாள், குழாயடியில் விழுந்தாள், மாதா கோயிலில் மண்டியிட்டு எழும்போது விழுந்தாள். ஒன்றுமறியாத கால் அவளைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. வக்கீல்களின் அரட்டையை அடக்கிய பழைய நடை மெல்ல மெல்லத் திரும்பியது. நீதிமன்றம் திறந்த அன்று பித்தளை வில்லையைப் புளிபோட்டுத் துலக்கிக் குத்திக்கொண்டு, நீதிபதியின் அறை வாசலில் போய் நின்றாள். வைத்தியலிங்கம் அவளை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினார்.

நீதிபதி கதவின் நிலையை ஒரு கையால் தொட்டபடி வெளியே வந்தார். அவள் முன்னே நடந்தாள். மன்றம் எழுந்து தலை தாழ்த்தியது. காலிலிருந்து தட்டுச் சத்தமே இல்லை. படியில் நிற்காமல், தட்டாமல் ஏறினாள். மனத்துக்குள் ஒரு கணம் பெருமிதம் பொங்கியது.

பின்னால் சப்பாத்தின் முனை மரத்தில் மோதும் ஓசை கேட்டது. அடுத்த நொடி அவளுடைய சிவப்புப் பட்டை முதுகில் இறுகியது. ஒரு மனிதரின் முழுக் கனமும் அதில் தொங்கிற்று. லூர்துமேரி திரும்பிப் பார்க்கவில்லை, கல்தூண்போல் நின்றாள். புதிதாக நடை பழகிய கால் அந்தக் கனத்தைத் தாங்கியது. பட்டையைப் பற்றிய கை தளர்ந்தது. நீதிபதி நிமிர்ந்து, மேடையேறி, நாற்காலியின் விளிம்பைத் தடவிப் பார்த்து அமர்ந்தார். தாழ்ந்த தலைகள் நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மாலையில் அவருடைய அறையில் தண்ணீர் வைக்கப் போனாள்.

“அம்மா” என்றார் அவர், சாந்தமாக. “முன்பு ஒரு சத்தம் வருமே, அது என்ன ஆயிற்று?”

“சரி பண்ணிட்டேன்யா.”

“அப்படியா? நல்லது.”

அவருடைய விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எறும்புபோல் ஊர்ந்து, தண்ணீர்க் குவளையைத் தேடின. குவளை அவர் கைக்கு நேரே, அவர் கண்ணுக்கு நேரே இருந்தது.

லூர்துமேரி அசையாமல் நின்றாள். கையில் வாங்காத வழக்குக் கட்டுகள். கதவு நிலையைத் தொட்டுக்கொண்டு வரும் கை. படியில் ஒவ்வொரு முறையும் கேட்ட செருமல். எரிச்சல் என்றல்லவா எண்ணினாள்? பார்வையற்றவர் நீதிபதியாக இருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. செவித்துணையை மட்டுந்தான் தடுத்தது. தடுத்தவர்கள், அந்தக் கருவி இல்லாமல் அவர் படியை எப்படி அறிவார் என்பதை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார்கள். மங்கிவரும் கண்ணோடு இந்த மனிதர் யாரிடம் போய்ச் சொல்வார்? சொன்னால், உட்கார்ந்துகொண்டே செய்யும் வேலை ஒன்றைத் தேடித் தருவார்கள்.

அவள் குவளையை மேசைமேல் சற்றே நகர்த்தினாள், ஓசை வரும்படி. அவர் கை நேராக அங்கே வந்தது.

மறுநாள் காலை வைத்தியலிங்கத்தின் மேசைமுன் போய் நின்றாள்.

“சார், அய்யா நேத்துக் கேட்டாரு. ‘அந்தச் சத்தம் என்ன ஆச்சு?’ன்னு.”

சிரஸ்தாரின் பேனா நின்றது. “கோவமாவா, சாந்தமாவா?”

“சாந்தமாத்தான் சார்.”

“அய்யய்யோ!” நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “அப்போ சத்தம் வேணும்மா! உடனே வேணும்! முந்தியே சொல்லக் கூடாதா நீ? திரும்ப வர வச்சிடலாமில்ல?”

“பாக்கிறேன் சார்” என்றாள் அவள்.

மணி அடித்தது. மன்றம் எழுந்தது. லூர்துமேரி முன்னே நடந்து, படியின் அருகே வந்து நின்றாள். கால் ஏறத் துடித்தது, கற்றுக்கொடுத்தது அதைத்தானே. அவள் இடுப்பை இறுக்கி அதை நிறுத்தினாள். குதிகாலைத் தூக்கித் தரையில் போட்டாள். வீண் அசைவென்று கால் முரண்டியது. தட்டு கோணலாக விழுந்தது. மறுபடி தூக்கினாள். இம்முறை நேராக விழுந்தது.

டொக். டொக்.

“மரங்கொத்தி திரும்பி வந்துருச்சுடா” என்று கடைசி வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

லூர்துமேரி காத்து நின்றாள். பின்னால் மெல்ல ஒரு செருமல் கேட்டது.

ஆச்சு.

அவள் ஏறினாள்.